அச்சை விட்டு வராத படகு

விருத்தாசலத்தில் தோற்பதற்காக மோல்டுக்காரரைப் போல உழைத்தவர் யாருமில்லை. நிஜப் பெயரைச் சொன்னால் அவர் மனைவியே ஒரு நிமிஷம் யோசிப்பார். பீங்கான் பொம்மைகளுக்கு பிளாஸ்டர் அச்சு செய்கிறவர். அதே பட்டறையில் பொம்மைக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டி கட்டுகிறவன் நான்.

போன வருஷ மழையில் மணிமுத்தாறு பெருகி, அக்கரையில் அவருடைய அக்கா இரண்டு நாள் மொட்டை மாடியிலேயே கிடந்தார். இக்கரையில் நின்று கத்தியதைத் தவிர இவரால் ஒன்றும் ஆகவில்லை. வெள்ளம் வடிந்ததும் அக்காவிடம் போய்ச் சொன்னார்:

“அடுத்த தடவ எம்படவுலதான் ஒன்ன ஏத்துவேன்க்கா. வேற எதுலயும் ஏறாத!”

படகு கட்டக் கண்ணாடி ஃபைபர் ஆகாதாம். “அது மூக்குல பூந்துக்கும், மண்ணுல மக்காது. நம்மூரு மார்க்கெட் கமிட்டில இல்லாத சாக்கா?” என்று பழைய சணல் சாக்குகளை வாங்கிப் பிரித்து, துவைத்து, உலர்த்தினார். பட்டறை வாசலையே அடைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டர் அச்சு. அதற்குள் சாக்கு, மேலே ரெசின் என்கிற பிசின், மறுபடி சாக்கு, மறுபடி ரெசின்.

“அண்ணே, ஒட்டாம இருக்க அச்சுக்கு மொதல்ல மெழுகு தடவணுமாம். செல்லுல பாத்தேன்” என்றேன்.

“முப்பது வருசமா எந்தப் பொம்மைக்குடா மெழுகு தடவுனேன்? காஞ்சா சுருங்கி, தானா உட்டுக்கிட்டு வரும்.”

களிமண் சுருங்கும் சாமி, ரெசின் சுருங்குமா? பிளாஸ்டர் அதைக் குடித்துவிட்டு, படகை இறுகப் பிடித்துக்கொண்டது. தினமும் காலையில் விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். “நாளைக்கு உட்டுக்கும்.” ஆவணி போனது, புரட்டாசி போனது.

ஐப்பசியில் ஆறு வந்தது. நாங்கள் உளியும் சுத்தியலுமாக அச்சைக் கொத்திக்கொண்டிருந்தபோது அவர் செல் அடித்தது. அக்கரையிலிருந்து மீட்புப் படகுக்காரர்.

“சார், இந்தம்மா ஏற மாட்டேங்குறாங்க. தம்பி படவு வருதாம். தண்ணி ஏறிக்கிட்டே இருக்குது சார்!”

மோல்டுக்காரர் உளியைக் கீழே போட்டார். “அக்காகிட்ட குடுங்க” என்றார்.

“எம்படவு வராதுக்கா. அச்ச உட்டு வரல. அதுல ஏறிக்க... ஏறிக்கக்கா.”

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. பாழாய்ப்போன மெழுகு!

அக்கா பத்திரமாகக் கரை சேர்ந்தார். ஈரச் சேலையோடு நேராகப் பட்டறைக்கு வந்து, படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “இதுல நான் எங்கடா ஒக்காருறது?” என்றார். மோல்டுக்காரர் துண்டால் ஓர் இடத்தைத் துடைத்துவிட்டார்.

படகு இன்னும் பாதி அச்சுக்குள்தான் இருக்கிறது. தேறுமா என்றால், தேறாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஓர் உளியை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன்.