குணாளன் தோட்டத்தில் தட்டு மாற்றிய கதை

குணாளனின் தக்காளித் தோட்டத்தில் ஒரு மனிதர் வாயெல்லாம் பல்லாகத் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் நாகப்பன் லோரியை நிறுத்திவிட்டார். ஒரே மனிதர்தான். ஆனால் வரிசையாகப் பன்னிரண்டு இடத்தில் தொங்கினார்.

பின்னால் லோரி நிறையத் தேயிலைக் கொழுந்து. அது வாடுவதற்குள் பேக்டரியில் இறக்க வேண்டும். நாகப்பன் இறங்கி வேலியோரம் போய் நின்றார்.

மலையில் இது புதிதில்லை. பழம் பழுக்கிற பருவத்தில் பழைய சிடிகளை நூலில் கட்டித் தொங்கவிடுவார்கள். காற்றில் சுற்றும், வெயிலில் மின்னும், குருவி கிட்டே வராது. நாகப்பன் பார்க்காத சிடியா? ஆனால் இந்தச் சிடிகளில் இருந்தது சீமைச் சம்பந்தியின் முகம். மேலே வளைத்து எழுதியிருந்தது: 'சம்பந்தி சத்திரம்'.

நாகப்பன் இளவட்டமாக இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவைத் தொடர் அது. கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி, கல்யாணம் முடிந்த பிறகும் சத்திரத்தை விட்டுப் போக மறுக்கிறார். அவ்வளவுதான் கதை. கடைசி வாரம் வரை அவர் போகவில்லை. போலீஸ் வந்தாலும் பெண்ணின் அப்பா மயங்கி விழுந்தாலும் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "இலை போட்டாச்சா?" நாகப்பன் இன்றைக்கும் கொழுந்து மூட்டை ஏற்றும்போது அதையேதான் கேட்பார். கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். குளிரில் லோரி ஸ்டார்ட் ஆவதைப் போன்ற சிரிப்பு. அதில் வேறு யாரும் கலந்துகொள்வதில்லை.

குணாளன் மண்வெட்டியோடு வந்தார். பிரிஞ்சாங் டவுனில் ஒரு வீடியோ கடையை மூடியபோது மூட்டையாக அள்ளிக் கொடுத்தார்களாம். உள்ளே என்ன படம் என்று அவர் பார்த்ததில்லை. குருவி பயப்படுகிறது, அது போதும் அவருக்கு.

"எனக்குக் குடுத்துடு லா," என்றார் நாகப்பன்.

"தக்காளி செவக்குற நேரம் அண்ணே. இப்ப அவுத்தா குருவிங்களுக்கு கெண்டூரி விருந்துதான்."

"வேற தட்டு கொண்டாந்தா?" நாகப்பன் சிடியைத் தட்டு என்றுதான் சொல்வார்.

குணாளன் யோசித்தார். "மின்னணும். வட்டமா இருக்கணும். அதுல எந்த மூஞ்சி இருந்தா எனக்கென்ன? பன்னண்டு குடுங்க, பன்னண்டு எடுத்துக்குங்க."

காசில்லாத வியாபாரம். இப்படி ஒரு மலிவு இந்த மலையில் இதுவரை யாருக்கும் வாய்த்ததில்லை என்று நாகப்பனுக்குத் தோன்றியது. அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம், வீட்டில் சரியாகப் பன்னிரண்டு தட்டு இருந்தது.

அது நாகப்பனின் சொத்தில்லை. மனைவி ருக்குமணியின் தம்பி சுகுமாரனுடைய கல்யாணப் படம். ஈப்போவில் நடந்த கல்யாணம்; தட்டுக்குத் தட்டு மாலையோடு மாப்பிள்ளை முகம் அச்சடித்திருந்தது. படம் பிடித்தவனுக்குத் தட்டுக் கணக்கில் கூலி பேசியிருந்ததால் அவன் எதையும் விட்டுவைக்கவில்லை. நான்காம் தட்டு முழுக்கக் கார்களை நிறுத்துகிறார்கள். ஐந்தாம் தட்டில் அதே கார்களை எடுக்கிறார்கள். ஏழாம் தட்டில் பந்தி. அதில் நாகப்பன் கையை உயர்த்தி ரசம் கேட்கிறார். பரிமாறுகிறவன் வாளியோடு அவரைத் தாண்டிப் போய்விடுகிறான். ஒவ்வொரு தீபாவளிக்கும் ருக்குமணி இந்தப் படத்தைப் போடுவாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் நாகப்பன் ரசம் கேட்பார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வரவில்லை.

ஆகவே திட்டம் இதுதான். கல்யாணத் தட்டுகள் குணாளனுக்குப் போகும். அவை இருந்த சிவப்பு வெல்வெட் பெட்டிக்குள் சம்பந்தி வந்து உட்காருவார். பெட்டி அலமாரியில் இருந்த இடத்திலேயே இருக்கும். ருக்குமணி வீட்டில் இல்லாத நேரங்களில் நாகப்பன் சிரிப்பார். தீபாவளி வரும்போது ஒரு பொய் சொன்னால் போகிறது. ஒரே வீச்சில் சம்பந்தி உள்ளே, மச்சான் வெளியே. லோரி ஓட்டுகிற மூளையா இது என்று நாகப்பனுக்கே வியப்பாக இருந்தது.

மறுநாள் மச்சானை அரிசிப் பையில் போட்டுக் கொண்டுபோனார். குணாளன் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடுக்க, இவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

"தட்டு மாத்தியாச்சு அண்ணே," என்றார் குணாளன். "வெத்தலை பாக்குதான் பாக்கி. இனிமே நாம சம்பந்தி லா." சொன்னதோடு நிற்காமல் சம்பந்தி சீராக ஒரு பை தக்காளியும் கொடுத்தார்.

மாலையும் கழுத்துமாகச் சுகுமாரன் தக்காளிச் செடிகளுக்கு மேலே சுற்ற ஆரம்பித்தான். பக்கத்து வரப்பில் உட்கார்ந்திருந்த மைனாக்கள்கூட எழுந்து போயின. அவற்றின் மனநிலை நாகப்பனுக்கு நன்றாகப் புரிந்தது.

வீட்டில் ருக்குமணி தக்காளியைப் பார்த்தாள்.

"யார் குடுத்தா?"

"குணாளன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

ருக்குமணி ஒரு தக்காளியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குணாளன் பெற்ற தாய்க்கே நிறுத்துத்தான் கொடுப்பான் என்று எஸ்டேட்டில் பேச்சு. ஆனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் விஷயம் முடிந்துவிட்டது என்று நாகப்பன் இத்தனை வருடமாக நம்பி வருகிறார்.

புதன்கிழமை அவள் மாரியம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போனதும் நாகப்பன் ஜன்னலைச் சாத்தினார். முதல் தட்டைப் போட்டார். ஓடியது. மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் சம்பந்திக்கு ஒரு கீறல்கூட இல்லை. நாயனம் முழங்கியது. சத்திரத்துக் கதவு திறந்தது. சம்பந்தி ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தார். அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை, நாகப்பன் முந்திக்கொண்டு சிரித்துவிட்டார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. மாரியம்மா வீடு மூன்றாவது கதவு.

ருக்குமணி திரும்பி வந்தபோது டிவி அணைந்திருந்தது. நாகப்பன் அணைந்த டிவிக்கு எதிரே கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"லோரிய வீட்டுக்குள்ளயே ஸ்டார்ட் பண்ணுனீங்களா?"

"இருமல்," என்றார் நாகப்பன்.

மறுநாள் அவள் பஸ் பிடித்துத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனாள். இருமல் மருந்து வாங்கி வந்தாள். கசப்பான மருந்து. நின்று பார்த்துக் குடிக்கவைத்தாள். பிறகு சொன்னாள், "ஞாயித்துக்கெழமை சுகுமாரன் வர்றான். கல்யாணப் படம் பாக்கணுமாம். பெட்டிய எடுத்து வைங்க."

தீபாவளிக்கு என்று வைத்திருந்த பொய்யை நாகப்பன் முன்னதாகவே எடுக்க வேண்டியதாயிற்று.

"சொல்லணும்னு இருந்தேன் ருக்கு. தட்டு பூரா பூசணம். இந்த மலைக் குளிரு இருக்கே."

"ஐயையோ. குடுங்க, தொடைக்கிறேன்."

"தொடாதே. கையில ஒட்டும். அப்புறம் அரிசியில ஒட்டும். எனக்கு இருமல் வந்ததே அதனாலதான்."

பொய்க்கு மருந்தும் சாட்சியாக வந்து நின்றது கண்டு நாகப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை.

ருக்குமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வருத்தப்பட்டாள். அப்படியென்றால் வீட்டில் வைக்கக்கூடாது, இன்றே எரித்துவிடலாம் என்றாள். நாகப்பன் பதறிப்போனார். தாலி கட்டுகிற காட்சியை எரிப்பதா, குடும்பத்துக்கு ஆகுமா என்று கேட்டார். தூக்கிப் போடவும் மனம் வராது என்றார். மச்சான் மேல் அவருக்கு இவ்வளவு பாசம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்ததாக ருக்குமணி சொன்னாள்.

"அப்ப ஒண்ணு செய்யலாம்ங்க. பூசணத்துக்கு வெயில்தான் மருந்து. கொல்லையில என் ஸ்டிராபெரிய குருவி கொத்துது. எல்லாத்தையும் அங்க கட்டி விடுங்க. பூசணமும் போகும், பழமும் தங்கும்."

நாகப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். இவை கல்யாணத் தட்டுகள் என்றால் கட்டித்தான் ஆக வேண்டும். கட்ட மாட்டேன் என்றால் இவை கல்யாணத் தட்டுகள் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். லோரிக்காவது ரிவர்ஸ் கியர் இருக்கிறது.

"நூல் எங்க இருக்கு?" என்றார்.

ஒவ்வொன்றாகக் கட்டினார். சம்பந்தியின் முகம் தெரியாதபடி வேலிப் பக்கமாகத் திருப்பித் திருப்பிக் கட்டினார். காற்று வந்து திருப்பித் திருப்பிக் காட்டியது. ருக்குமணி பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பூசணம் புடிச்சா மொகமே மாறிடுமா?"

"மாறும். பொல்லாத பூசணம்."

"தம்பிக்கு மீசை கெடையாதே."

"கறுப்புப் பூசணம்," என்றார் நாகப்பன், முடிச்சைப் பார்த்தபடியே.

"காலையில பஸ்ல போறப்ப வழியில தம்பிய பாத்தேன்."

"அவன் ஈப்போவுலதானே இருக்கான்?"

"அப்பிடித்தான் நானும் நெனச்சேன். குணாளன் தோட்டத்துல பன்னண்டு எடத்துல சுத்திக்கிட்டு இருந்தான். மாலை வாடவே இல்ல. பூசணமும் இல்ல." அவள் குரலில் கோபமே இல்லை. "அந்தக் கடைசித் தட்டு சாஞ்சிருக்கு பாருங்க. நேரா கட்டுங்க."

நேராகக் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சுகுமாரன் வந்தான். வரும் வழியில் தக்காளித் தோட்டத்தைப் பார்த்தானா என்று நாகப்பன் அவன் முகத்தில் தேடினார். ஒன்றும் தெரியவில்லை. படம் பூசணத்தில் போய்விட்டது மச்சான், மனசே சரியில்லை என்று ஆரம்பித்தார். சுகுமாரன் சட்டைப் பையில் கைவிட்டு விரல்நீளப் பென்டிரைவ் ஒன்றை எடுத்தான்.

"கவலப்படாதீங்க மாமா. எங்கிட்ட இருக்குற காப்பி பன்னண்டையும் இதுல ஏத்திட்டேன். ஈப்போ கடையில எடிட் பண்ணாம வச்சிருந்தத கேட்டு வாங்கி அதையும் சேத்துட்டேன். கார் நிறுத்துறது இப்ப ரெண்டு மடங்கு இருக்கு. இதுல பூசணம் புடிக்காது."

அதை டிவியில் செருகினான். ருக்குமணி ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள். கார்கள் வந்தன. நின்றன. இன்னும் வந்தன. நாகப்பன் ஜன்னல் வழியே கொல்லையைப் பார்த்தார். பன்னிரண்டு சம்பந்திகளும் வெயிலில் பல் தெரியச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு குருவி நூல்மேலேயே வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சம்பந்தியின் முகத்தை ரசித்துக்கொண்டிருந்தது.

ஒருவழியாகப் பந்தி வந்தது. ருக்குமணி எழுந்து அடுப்படிக்குப் போனாள். திரையில் நாகப்பன் கையை உயர்த்தினார். வாளி அவரைத் தாண்டிப் போனது. அதே நேரத்தில் அடுப்படியிலிருந்து ருக்குமணியின் குரல் கேட்டது.

"ஏங்க, வாங்க. இலை போட்டாச்சு."

நாகப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து போய் இலைமுன் உட்கார்ந்தார். சோறு இருந்தது, சாம்பார் இருந்தது, மூன்று கறி இருந்தது. மூலையில் குணாளன் கொடுத்த தக்காளிப் பை அவிழ்க்காமலே இருந்தது. அவர் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினார்.

"ரசம் வைக்கலீங்க," என்றாள் ருக்குமணி.