இருநூற்றுப் பத்து பாயிண்ட்

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் வழக்கு நிற்காது.

ஒன்று. அச்சகத்திலிருந்து நான் ஓய்வு பெற்ற அதே மாதம் என் மனைவியும் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். நான் ஓய்வெடுத்தேன். அவள் எலெக்ட்ரிக் கிட்டார் கற்றுக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயதில். முன்னறிவிப்பு இல்லை. பேச்சுவார்த்தை இல்லை.

இரண்டு. காலை ஒன்பது முதல் பதினொன்று வரை நான் துண்டறிக்கை எழுதும் நேரம். அதையே அவள் பயிற்சி நேரமாக அறிவித்தாள்.

மூன்று. ஒலிபெருக்கிப் பெட்டி தரையில் இருந்தால் அதிர்கிறது என்று அதற்குக் கீழே ஒரு மேடை போட்டாள். அந்த மேடை, நாற்பது ஆண்டுகளாக நான் எழுதிய துண்டறிக்கைகளின் கட்டு. நூலகம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். நூலகம் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

நான்கு. அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு இசைக்குழு ஆரம்பித்தாள். எங்கள் அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு அந்தக் குழுவை அழைத்தார்கள்.

ஐந்து. அவர்களுக்கு நேரம் ஒதுக்குவதற்காக என் உரையை நாற்பது நிமிடத்திலிருந்து பத்து நிமிடமாக வெட்டினார்கள். வெட்டச் சொன்ன துரோகி யார் என்று சங்கத் தலைவரைக் கேட்டேன்.

"உங்க வீட்டம்மாதான் தோழர். நீங்க பத்து நிமிஷத்துல முடிச்சாத்தான் பாட்டு கேக்க ஆள் மிச்சம் இருக்கும்னாங்க."

அன்றைக்கே போராட்டம் என்று முடிவெடுத்தேன். மறைமுகப் போராட்டம். நேரடியாக மோத எனக்குத் துணிச்சல் இல்லாமல் இல்லை. துணிச்சல் இருந்தது, வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நிர்வாகம் என்னை இரண்டு முறை வேலைநீக்கம் செய்திருக்கிறது. ஒரு முறை சிறைக்குப் போயிருக்கிறேன். பதினோரு முறை என் முன்னால் மன்னிப்புக் கடிதத்தை நீட்டியிருக்கிறார்கள். ஒன்றில்கூட நான் கையெழுத்திட்டதில்லை. பதவி வரவில்லை, பட்டம் வரவில்லை, முழங்கால் வலி மட்டும் வந்தது. எனக்கென்று மிச்சமிருக்கும் சொத்து, மன்னிப்பே கேட்காதவன் என்ற பெயர் ஒன்றுதான். என் மனைவிக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் கிட்டார் வந்த முதல் நாளே சொன்னாள்.

"ஏங்க, இதுல கை வெச்சீங்கன்னா, உங்க சங்கத்துக்காரங்க முன்னாடியே மன்னிப்பு கேக்க வெப்பேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டே சொன்ன எதுவும் இதுவரை நடக்காமல் போனதில்லை.

விழா நாள் காலை. மண்டபத்தில் நாற்காலி, மைக் எல்லாம் சரிபார்க்கக் கிளம்பினாள்.

"ஒரு மணிக்கு வந்துடுவேன். கிட்டார் பக்கம் போகாதீங்க."

"நான் எதுக்குப் போறேன்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நூறு வரை எண்ணினேன். பிறகு இன்னொரு நூறு. அவள் எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வருகிற ரகம்.

என் திட்டம் எளிமையானது. ஆறு கம்பிகளையும் தளர்த்திவிடுவது. உடைப்பது இல்லை, அறுப்பது இல்லை. மேடை ஏறுமுன் அவள் சுருதி சேர்க்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் மேடை காலியாக இருக்கும். காலி மேடையைப் பார்த்தால் கூட்டம் யாரைக் கூப்பிடும்?

முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் திருகினேன். ஐந்தாவது வரை அமைதி. ஆறாவதைத் திருகியபோது "டணங்" என்று ஒரு சத்தம். கம்பிகளுக்குக் கீழே, ஆறு பற்களோடு குறுக்கே உட்கார்ந்திருந்த தங்க நிற உலோகத் துண்டு பெயர்ந்து தரையில் விழுந்தது. அது இருந்த இடத்தில் இரண்டு ஆணிகள் மட்டும் மொட்டையாக நின்றன.

தடியடிக்கு ஓடாதவன் ஓடிப்போய் ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினேன். மணி ஒன்பது இருபது. எனக்கு மூன்று மணி நாற்பது நிமிடம் இருந்தது.

கிட்டார் பெட்டியின் மூடியில் ஒரு பழுதுபார்க்கும் கடையின் எண் ஒட்டியிருந்தது. குரலை மாற்றிக்கொண்டு கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"ஒரு நண்பரோட கிட்டார்மா. கம்பிக்குக் கீழ ஒரு உலோகத் துண்டு இருக்குல்ல, அது பேத்துக்கிட்டு வந்துடுச்சு."

"பிரிட்ஜா?"

"அதுக்குப் பேரு எனக்குத் தெரியாது. ஆறு பல்லு இருக்கு."

"பிரிட்ஜ்தான். நண்பர் கம்பியைத் தளர்த்தினாரா?"

"அவரு தளர்த்தல."

"சரி, புதுசு மாத்தணும்னா அளவு வேணும். ரெண்டு ஆணிக்கும் நடுவுல எவ்ளோ இருக்குன்னு அளந்து சொல்லுங்க."

அளந்தேன். இரண்டு முறை அளந்தேன். நம்பிக்கை வராமல் மூன்றாவது முறையும் அளந்தேன்.

"இருநூத்திப் பத்து."

"இருநூத்திப் பத்து மில்லிமீட்டரா? சார், அது கிட்டாரா, கட்டிலா?"

"மில்லிமீட்டர் இல்லம்மா. பாயிண்ட்."

நான் விளக்கினேன். முப்பத்தாறு ஆண்டு அச்சுக் கோத்தவன் நான். எழுத்தின் உயரத்தை அளக்கும் கணக்கு பாயிண்ட். எழுபத்திரண்டு பாயிண்ட் ஓர் அங்குலம். என் வீட்டில் இருப்பது அச்சக அளவுகோல் ஒன்றுதான். ஜன்னல் திரைச்சீலையிலிருந்து செருப்பு வரை எல்லாம் அதில்தான் அளப்போம்.

"நேர்ல வாங்க சார். உடனே வாங்க" என்றாள். குரல் அடைத்திருந்தது. கிட்டாருக்காக வருந்துகிறாள் என்று நினைத்தேன்.

பிரிட்ஜைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பின்தெரு வழியாகப் போனேன். எதிரே வந்தவள், நான் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்த ஒரே ஆள். என் மனைவியின் குழுவில் டிரம் அடிக்கிற பக்கத்து வீட்டம்மா.

"என்ன சார், நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுப் போறீங்க? வலிக்குதா?"

"இல்லம்மா. பேச்சு மனப்பாடம் பண்றேன்."

"பத்து நிமிஷப் பேச்சுதானே? அதுக்கா இவ்ளோ வேர்க்குது?"

நடையை எட்டிப் போட்டேன். அவள் திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தது முதுகில் தெரிந்தது.

கடை ஒரு சின்ன அறை. சுவர் முழுக்கக் கழுத்துகள் தொங்கின. கிட்டார் கழுத்துகள்தான், இருந்தாலும் எனக்கு அந்த நேரத்தில் அந்தக் காட்சி ஒத்துக்கொள்ளவில்லை. கிட்டார் மெக்கானிக், போனில் பேசிய அதே குரல், முப்பத்தைந்து வயதுப் பெண். துணி விரித்து மூன்று பிரிட்ஜ்களை வைத்தாள்.

"மூணுமே உங்க அளவுக்குச் சேரும். இது பித்தளைப் பல்லு. சத்தம் கணீர்னு வரும். இது எஃகு. கொஞ்சம் கூர்மையா இருக்கும். இது உருளை. ஒவ்வொரு கம்பிக்கும் கீழ ஒரு குட்டிச் சக்கரம். கம்பியை இழுத்து வாசிச்சாலும் உரசாது, சீக்கிரம் அறாது. எது வேணும்?"

"பழசு மாதிரியே."

"பழசு மாதிரியே சத்தம் வரணும்னா பழசுதான் இருக்கணும்."

"மாத்தினா கண்டுபுடிச்சிருவாளா?"

"யாரு?"

"நண்பர்."

"நல்ல காது உள்ளவங்களா?"

"ரெண்டு ரூம் தள்ளி நான் டப்பாவைத் திறந்தாக் கேக்கும்."

"அப்பக் கண்டுபுடிச்சிருவாங்க. கோபக்காரரா?"

"கோபமே வராதும்மா. அதுதான் பயமா இருக்கு."

மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வேலைநிறுத்தமா, பேச்சுவார்த்தையா என்று ஐந்நூறு பேருக்காக ஒரு நிமிடத்தில் முடிவெடுத்தவன் நான். மூன்று உலோகத் துண்டுகளுக்கு முன்னால் நாற்பது நிமிடம் நின்றேன். எல்லாமே பளபளவென்று மின்னின. எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் அவள் உள்ளங்கை படும் ஓரம் மட்டும் தங்கம் போய் வெளுத்திருக்கும்.

"கொஞ்சம் தேய்ச்சுக் குடுக்க முடியுமா? ரெண்டு வருஷம் கை பட்ட மாதிரி?"

"ரெண்டு வருஷம் ஆகும் சார்."

ஸ்டாக் பார்த்து வருகிறேன் என்று உள்ளே போனாள். மெல்லிய பேச்சுச் சத்தம் கேட்டது. ஒரு முறை சிரிப்பும் கேட்டது. திரும்பி வந்து பித்தளையையும் எஃகையும் எடுத்துப் பெட்டியில் போட்டாள்.

"உங்க அளவுக்கு உருளைதான் சார் சேரும்."

முதலில் மூன்றுமே சேரும் என்றவள்தான். நான் கேட்டிருக்க வேண்டும். மணி பதினொன்றரை.

"இன்னொண்ணு சார். உரிமையாளர் இல்லாம பார்ட் மாத்தணும்னா ஒரு கடிதம் வேணும். எழுதியே வெச்சிருக்கேன். கையெழுத்துப் போட்டாப் போதும்."

வாங்கிப் படித்தேன். 'நான் கிட்டாரைத் தொட்டதால் பிரிட்ஜ் கழன்று விட்டது. தப்பு என்னுடையது. வருந்துகிறேன்.'

முதுகெலும்பு நிமிர்ந்தது. பன்னிரண்டாவது முறை!

"இது மன்னிப்புக் கடிதம். போட மாட்டேன்."

"சே சே, விவரக் கடிதம் சார். இந்த மேசை டிராயருக்குள்ளதான் கிடக்கும்."

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கும்மா."

"சரி சார். அப்ப நண்பரையே வரச் சொல்லிடுங்க."

கடிகாரம் சத்தமாக ஓடியது. காகிதத்தை மறுபடி பார்த்தேன். பயம் ஒருபுறம் இருக்கட்டும், வேறொன்று என்னைப் பிறாண்டியது.

"ஏம்மா, இது என்ன எழுத்து? உப்பு சப்பு இல்லையே. படிக்கிறவன் நெஞ்சு பதற வேணாமா? மூணு வரியில தப்பை ஒத்துக்கிட்டா யாரு நம்புவா?"

"எனக்கு எழுதத் தெரியாது சார். நீங்க வேணா திருத்திக் குடுங்களேன்."

பேனாவை வாங்கினேன். என்னைத் தடுத்திருக்க யாருமில்லை. மூன்று வரி முழுப்பக்கமானது. பக்கம் திரும்பியது. குற்றத்தின் பின்னணி, சூழ்ச்சி, வீழ்ச்சி என்று மூன்று பகுதிகளாகப் பிரித்தேன். முடிவுக்கு வரும்போது வாக்கியம் ஏறிக்கொண்டே போனது. அந்த உயரத்தில் 'மன்னிப்பு' என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் நிற்காது. வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. எடுக்க மனம் வரவில்லை. டிராயருக்குள்தானே கிடக்கப்போகிறது?

கீழே 'தணல்' என்று, சங்க மேடைகளில் எனக்கு வழங்கும் பெயரில் கையெழுத்திட்டேன். அவள் தலையாட்டினாள்.

"அது மேடைப் பேரு சார். உரிமையாளர் உங்களைக் கூப்பிடுற பேரு வேணும். இல்லன்னா யாரோ வெளியாளு கை வெச்ச மாதிரி ஆயிடும்."

"நண்பர் என்னைக் கூப்பிடுற பேரு வீட்டுக்குள்ள மட்டும்தாம்மா."

"பரவால்ல சார். டிராயர்தானே."

அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். அது மேடைப் பேர் என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. மணி பன்னிரண்டு.

அவளே வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுத்தாள். புதுப் பிரிட்ஜை இரண்டு ஆணிகளின் மேல் வைத்தாள். கம்பிகளை முறுக்கினாள்.

"அவ்ளோதானா? திருகெல்லாம் வேணாமா?"

"வேணாம் சார். கம்பி இழுக்குற இழுப்புலயே நிக்கும்."

அவள் பின்வாசல் வழியாகப் போகவும் முன்வாசல் திறக்கவும் சரியாக இருந்தது. என் மனைவி செருப்பைக் கழற்றினாள். கிட்டாரைப் பார்த்தாள். மின்னும் பிரிட்ஜைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, வேர்த்துக் கொட்டுது?"

"வெயிலு."

"வீட்டுக்குள்ளயா?"

கிட்டாரை மடியில் வைத்து ஒரு கம்பியை இழுத்து மீட்டினாள். என் உயிர் அந்தக் கம்பியின் நுனியில் தொங்கியது. மறுபடி மீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"நல்லா இருக்குல்ல?"

"எது?"

"வெயிலு" என்றாள். கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அவ்வளவுதான். நான்கு மணி நேரம் ஒரு சொல் பேசவில்லை. சிறையில்கூட என்னை அவ்வளவு நேரம் தனியாக வைத்ததில்லை.

மண்டபத்தில் இருநூறு பேர். என் பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் நான் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்று தெரியாது. கை தட்டினார்கள், முடிந்துவிட்டது என்பதற்காக. தப்பித்தேன் என்று முன்வரிசையில் உட்கார்ந்து முதல் முறையாக மூச்சு விட்டேன். அப்போதுதான் பார்த்தேன். குழுவுக்குப் பின்னால் ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தவள் கிட்டார் மெக்கானிக்.

"ரிக்கார்டிங்குக்கு ஓகேக்கா" என்றாள் என் மனைவியிடம். அக்கா!

என் மனைவி மைக்கைப் பிடித்தாள்.

"தோழர்களே, பாட்டுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். இந்தக் கிட்டார்ல பிரிட்ஜுன்னு ஒண்ணு இருக்கு. கம்பியைத் தளர்த்தினா அது தானா கழண்டு விழும். உடைஞ்சதா அர்த்தம் இல்ல. எடுத்து வெச்சுக் கம்பியை முறுக்கினாப் போதும். இது தெரியாத ஒருத்தர் இன்னிக்குக் காலையில எனக்குப் புதுசாவே ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டாரு. ரொம்ப நாளா நான் ஆசைப்பட்ட உருளைப் பிரிட்ஜு. அவருக்கு நன்றி."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஒருத்தர் என்றுதானே சொன்னாள், யார் என்று சொல்லவில்லையே?

"அதோட ஒரு கடிதமும் குடுத்திருக்காரு" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

எழுந்து ஓடலாம் என்று பார்த்தேன். இரண்டு பக்கமும் ஊன்றுகோலோடு மூத்த தோழர்கள்.

வாசித்தாள். முப்பது ஆண்டு வகுப்பறையில் பாடம் வாசித்த குரல். "'ஆளில்லாத நேரம் பார்த்து, திருப்பி அடிக்க முடியாத ஓர் இசைக்கருவியின் ஆறு நரம்புகளையும் தளர்த்திய கோழை நான். இந்தக் குற்றத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. அரசு பொறுப்பல்ல. என் பொறாமை ஒன்றே பொறுப்பு. வளைந்தறியாத என் தலையை உன் முன்னால் வளைக்கிறேன். நிபந்தனையின்றி மன்னிப்புக் கோருகிறேன்!'"

மண்டபம் அதிர்ந்தது. நாற்பது ஆண்டுகளில் என் எழுத்துக்கு அப்படி ஒரு கைதட்டல் விழுந்ததில்லை. பின்வரிசையிலிருந்த சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"யாரு தோழர் எழுதினது? நம்ம ஆளு மாதிரி இருக்கே? நீங்க இருக்கீங்களே, ஒரு தடவையாவது இப்படி எழுதியிருக்கீங்களா?"

எனக்கு வந்தது பெருமையா, பயமா, பிரித்துப் பார்க்க நேரமில்லை. மேடையில் அவள் கடிதத்தின் கடைசி வரிக்கு வந்திருந்தாள்.

"'இப்படிக்கு' —" என்று நிறுத்தி, முன்வரிசையில் என்னை நேராகப் பார்த்து, மைக்கை வாய்க்கு அருகில் இழுத்து, இருநூறு தோழர்களுக்கும் கேட்கும்படி வாசித்தாள்:

"'சிணுங்கிக்குட்டி.'"