பிரெஞ்சுக்காரன் வண்டியில் ஒரு காய்ந்த மெத்தை

ஆவணி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை எட்டேகால் மணிக்கு, உத்திராபதி வீட்டைத் துறந்தார். துறவு என்றால் காசி, ராமேசுவரம் அல்ல. வாசற்படியிலிருந்து பதினாலு அடி தள்ளி, வாதாமரத்தடியில் நின்ற வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

காரணம் குறட்டை.

"மில்ல வுட்டு வந்தும் மிஷினக் கையோட கொண்டாந்துட்டீங்க. ராவெல்லாம் காதுல ஓடுது" என்றாள் மனைவி செல்வாம்பாள்.

"அப்ப நான் வேற எடத்துல படுத்துக்கறேன்."

"எங்க, அந்த முசே வண்டிலியா? அதுல ஒரு நாளு படுக்க முடியுமா உங்களால?"

முடியுமா என்று யாராவது கேட்டுவிட்டால் உத்திராபதிக்குக் காது மடல் சிவந்துவிடும். "நீயா வந்து, 'உள்ள வந்து படுங்க'ன்னு கூப்புடற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

"சோத்துக்கு?"

அவர் ஒரு கணம் யோசித்தார். "சோறு வேற. அதுக்குப் பின்வாசல் இருக்கு."

வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுக்கார இளைஞன் தன் ஊரிலிருந்து ஈரான், பாகிஸ்தான் வழியாகத் தரையிலேயே ஓட்டி வந்த வண்டி அது. தெரு அவனைப் பிரெஞ்சு மரியாதையோடு முசே என்று கூப்பிட்டது. வண்டிக்குள்ளேயே அடுப்பு, அலமாரி, படுக்கப் பலகை எல்லாம் உண்டு. பாலைவனம், மலை எல்லாம் தாண்டிய எஞ்சின், ரெட்டியார்பாளையம் வந்ததும் இதற்குமேல் என்ன இருக்கிறது என்று நின்றுவிட்டது. மூன்று மாதத்தில் திரும்பி வருவதாகச் சொல்லி, உத்திராபதி வீட்டு மரத்தடியில் நிறுத்திவிட்டு முசே விமானம் ஏறினான். இரண்டு வருஷம் கழித்து ஒரு கடிதம் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் தெருமுனைக்காரர் படித்துச் சொன்னார்: வண்டி இனி உங்களுக்கே, கோழி வளர்க்கலாம். வளர்த்தார்கள். கோழிகளுக்குச் சளி பிடித்தது.

அந்தச் சளி எதனால் வந்தது என்று உத்திராபதி அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிப்பதில் குறை வைக்கிற மனிதர் அல்ல. ஐம்பத்து நாலு வயதில் அவர் செய்த வேலைகளைவிட யோசித்த வேலைகள் அதிகம். சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால், சுவர் தாங்குமா, ஆணி தாங்குமா, தான் தாங்குவோமா என்று மூன்று மாதம் தன்னையே குறுக்கு விசாரணை செய்வார். அதற்குள் மாட்ட வேண்டிய காலண்டருக்கு வருஷம் முடிந்துவிடும்.

இத்தனைக்கும் ஈரம் அவர் தொழில். நூற்பாலையில் இருபத்தொன்பது வருஷம் ஈரக்காற்றுப் பிரிவில் இருந்தார். காற்று காய்ந்தால் நூல் அறும். அதனால் ஆலைக்குள் எப்போதும் தண்ணீரைப் புகைபோலத் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு ஈரம் என்று பார்க்கச் சுவரில் இரண்டு தெர்மாமீட்டர்கள் தொங்கும். ஒன்றின் குமிழுக்கு ஈரத்துணி கட்டியிருக்கும், மற்றது வெறும் குமிழ். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால், காற்று இனி ஒரு சொட்டும் தாங்காது என்று பொருள். வேலையை விட்டு வந்தபோது கூட்டாளிகள் அப்படி ஒரு ஜோடியைத்தான் மாலை போட்டுக் கொடுத்தார்கள். அதை இப்போது வண்டிக்குள் மாட்டினார்.

முதல் காலை எழுந்து பார்த்தார். முசே விட்டுப்போன ஸ்பாஞ்சு மெத்தையில் அவருடைய முதுகு, இடுப்பு, இரண்டு முழங்கால் எல்லாம் ஈரத்தில் பதிந்திருந்தன. மெத்தையைத் தூக்கினார். அடியில் பலகை முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். கருப்பாகப் பூஞ்சை, தோசைக்கல்லில் எள் சிதறியதுபோல.

இவ்வளவு தண்ணீரும் எங்கிருந்து வந்தது என்று பலகையைப் பார்த்தபடி நின்றார். மழை இல்லை. கூரை ஒழுகவில்லை. ஆகவே தன்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் ஈரம் கொடுத்தே பழகிய உடம்பு, நிறுத்தச் சொன்னால் கேட்குமா? அந்த எண்ணம் அவரை மிகவும் சோர்வடையச் செய்தது.

சோர்ந்தாலும் தொழில் தெரிந்தவர். இருபத்தொன்பது வருஷம் அவர் ஆலையில் போட்ட ஒரே சத்தம், 'ஜன்னல யாருடா தொறந்தது' என்பதுதான். அந்த அனுபவத்தைக் கொண்டு வண்டியின் ஜன்னல், கதவிடுக்கு, மேல்மூடி, ஆணி ஓட்டை ஒன்று விடாமல் கழிவுப் பஞ்சு வைத்து அடைத்தார். வெளி ஈரம் இனி எப்படி உள்ளே வரும் என்று கேட்டுக்கொண்டார். வரவில்லை. உள் ஈரமும் வெளியே போகவில்லை. மறுநாள் காலை கூரைத் தகட்டிலிருந்து நெற்றியில் சொட்டியது. இரண்டு தெர்மாமீட்டரும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒரே எண்ணைக் காட்டின. அந்த வண்டிக்குள் நூல் நூற்றிருந்தால் ஒரு இழை அறுந்திருக்காது.

அடுத்து உப்பு. கல்லுப்பு ஈரத்தை இழுக்கும் என்பது அவருக்குத் தெரியும். இழுத்ததை என்ன செய்யும் என்பது தெரியாது. பலகைக்கடியில் ஒரு மூட்டை வைத்தார். நாலாம் நாள் மூட்டை பாதியாகி, மீதி வண்டித் தரையெல்லாம் ஓடித் தகட்டைத் துருப்பிடிக்க வைத்தது. அன்று பின்வாசலில் செல்வாம்பாள் சோறு போட்டாள். ரசத்தில் உப்பில்லை என்று அவர் சொன்னபோது, எல்லாம் உங்க மெத்தைக்கடியில இருக்குது என்றாள்.

புரட்டாசி பிறந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. இருமல் வந்தது. பலகை அவரைவிட அரையடி குட்டை, ஆதலால் நாள் கணக்காகக் கேள்விக்குறிபோலவே படுத்து, எழுந்த பிறகும் கேள்விக்குறிபோலவே நடந்தார். உள்ளுக்குள் எப்போதும் இருந்த குறி இப்போது வெளியிலும் தெரிந்தது, அவ்வளவுதான். நான் யாரிடம் தோற்கிறேன், இவளிடமா, ஈரத்திடமா என்று கேட்டுக்கொண்டார். இரண்டும் ஒன்றுதானோ என்று ஒரு பதில் வந்தது. அதற்குமேல் கேட்கப் பயமாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் பக்கத்து வீட்டு வசந்தா வேலியோரம் வந்து பேசிக்கொண்டிருந்தாள். ஆனியில் கல்யாணமான இவர்களுடைய மகள் சொர்ணம், தலைதீபாவளிக்குக் கடலூரிலிருந்து மாப்பிள்ளையோடு வரப்போகிறாளே, இருப்பது ஒரே ரூம்பு, எங்கே படுக்க வைப்பீர்கள் என்று விசாரித்தாள். செல்வாம்பாள் பெருமூச்சு விட்டாள். அவர் ஒரு மனுஷனா நின்னு யோசன சொன்னா நான் ஏன் தவிக்கப் போறேன் என்றாள்.

வண்டிக்குள் உத்திராபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். கூரையில் தலை இடித்தது. இடித்த இடத்திலேயே ஒரு வெளிச்சம் பிறந்தது. தீபாவளிக்குள் இவள் வந்து அழைத்தே ஆக வேண்டும். மாப்பிள்ளை வரும்போது மாமனார் மரத்தடியில் கிடந்தால் சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள்? அதுவரை தாக்குப்பிடித்தால் போதும். தாக்குப்பிடிக்க மெத்தை காய வேண்டும்.

வேலிப் பேச்சு விறகுக்குத் திரும்பியிருந்தது. வசந்தாவின் விறகெல்லாம் நமுத்துப்போனதாம்.

"தரையோட ஒட்டிப் போட்டா நமுக்காம என்ன செய்யும்?" என்றாள் செல்வாம்பாள், வழக்கத்தைவிடச் சத்தமாக. "அடில ரெண்டு கட்டையக் குடுத்து, எடம் வுட்டு அடுக்கு. காத்து போவட்டும். மேலயும் மூடாத. இது தெரியாம மில்லுல வேல பாத்தவங்ககூட இருக்காங்க."

அன்று சாயங்காலம் உத்திராபதிக்கு ஒரு யோசனை தோன்றியது. முழுக்க முழுக்கத் தன் மூளையில் உதித்தது என்றே அவர் கடைசிவரை நம்பினார். படுக்கப் பலகையைப் பெயர்த்து எறிந்தார். மரச் சட்டங்களை இரண்டு விரல் இடைவெளி விட்டு வரிசையாக அடித்தார். ஆணிகளைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. அதன்மேல் தென்னைநார்ப் பாய். பஞ்சு அடைப்பையெல்லாம் பிடுங்கிப் போட்டார். மேல்மூடியில் ஒரு சாண் திறப்பு, கீழ்ப்பக்கம் எதிரெதிராக இரண்டு ஓட்டை. காற்று கீழே நுழைந்து மெத்தைக்கடியில் ஊர்ந்து மேலே போனது. பீடிப் புகையை விட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

மெத்தைதான் பாக்கி. ஸ்பாஞ்சு இந்த ஊர் உடம்புக்கு ஆகாது. பின்தாழ்வாரத்தில் இரண்டு மூட்டை இலவம்பஞ்சு புதிதாக வந்து உட்கார்ந்திருந்தது.

"அதுல கைய வெச்சிடாதீங்க" என்றாள் செல்வாம்பாள்.

மறுநாள் அவள் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து இரண்டு மூட்டையையும் கடத்தினார். அவற்றுக்குப் பக்கத்திலேயே புதிய கோடுபோட்ட மெத்தைத் துணியும், கோணி ஊசியும், கொசுவலைத் துணியும் இருந்தன. பெண்ணின் அஜாக்கிரதையை எண்ணிச் சிரித்தபடி அவற்றையும் எடுத்துக்கொண்டார். கோலால் அடித்துப் பஞ்சைப் பூப்பூவாக்கி, மூன்று நாள் உட்கார்ந்து மெத்தை தைத்தார். திருட்டைக் கண்டுபிடித்ததும் அவள் சும்மா இருக்கவில்லை.

"கால நீட்டக்கூட எடமில்லாத கட்டிலு. அதுக்கு எதுக்கு மெத்த" என்றாள்.

கட்டிலை ஓட்டுநர் இருக்கைவரை இழுத்து ஆறடி ஆக்கினார்.

"நீளம் இருந்து என்ன? ஒருக்களிச்சிப் பொரள முடியாது."

அலமாரியை வெட்டி நாலடி அகலமாக்கினார். அப்போதும் அவர் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படுவதையே பிழைப்பாகக் கொண்ட மனிதர், தன் வாழ்க்கையில் சந்தேகமே படாமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் காலை உத்திராபதி மெத்தையின் மூலையைத் தூக்கி, அடிப்பக்கத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். அப்பளம். சட்டம் காய்ந்திருந்தது. பாய் காய்ந்திருந்தது. தெர்மாமீட்டர் இரண்டும் கோபித்துக்கொண்ட அண்ணன் தம்பிபோல விலகி நின்றன. அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. அது மெத்தையில் விழாதபடி தலையை வெளியே நீட்டிக்கொண்டார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு செல்வாம்பாள் வண்டிக்கு வந்தாள். ஐம்பத்திரண்டு நாளில் முதல் தடவை. மெத்தையின்மேல் உட்கார்ந்தாள். உள்ளங்கையால் அங்கங்கே அமுக்கினாள். மூலையைத் தூக்கி அடியில் தடவி, விரலை முகர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

"உள்ள வந்து படுங்க."

"என்ன சொன்ன?"

"உள்ள வந்து படுங்கன்னேன்."

"வசந்தா காதுல வுழல."

செல்வாம்பாள் வேலிப்பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொன்னாள். உத்திராபதி தெர்மாமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, பதினாலு அடியையும் சாமி புறப்பாடுபோல நிதானமாக நடந்து, முன்வாசல் வழியாக வீட்டுக்குள் போனார். உலகத்தில் நியாயம் இருக்கிறது என்று அன்று பகல் முழுவதும் நம்பினார்.

தீபாவளிக்கு முதல் நாள் காலை சொர்ணமும் மாப்பிள்ளை அரிகிருஷ்ணனும் கடலூர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். செல்வாம்பாள் பெட்டியை வாங்கிக்கொண்டு நேராக மரத்தடிக்கு நடந்தாள். வண்டி ஜன்னலில் பூப்போட்ட திரை தொங்கியது. மெத்தைமேல் புது விரிப்பு, இரண்டு தலையணை, ஒரு கூஜா தண்ணீர், ஊதுபத்தி.

மறுநாள் விருந்து முடிந்து வெற்றிலை போடும்போது மாப்பிள்ளை மனசு விட்டுச் சொன்னான். இந்த மழையிலும் மெத்தை கொஞ்சம்கூட நமுக்கவில்லையாம், அவன் வீட்டில்கூட இப்படி ஒரு படுக்கை இல்லையாம்.

"அத்தைக்குத்தான் எவ்ளோ யோசன" என்றான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள" என்று செல்வாம்பாள் வெட்கப்பட்டாள்.

உத்திராபதி சுண்ணாம்பைக் கொஞ்சம் அதிகமாகத் தடவிக்கொண்டார். பிறகு உள்ளே போய்ப் பாயில் படுத்தார். ஐம்பத்திரண்டு நாள் பழக்கத்தில் தரை முதுகைக் குத்தியது. தூறல் நின்றிருந்தது. சமையற்கட்டில் வசந்தாவும் செல்வாம்பாளும் பேசுவது கேட்டது.

"ஒரு ஆணி அடிக்க மாட்டாரே உங்க வூட்டுக்காரரு. எப்படிக்கா செய்ய வெச்சீங்க?"

"செய்யுங்கன்னு சொன்னா யோசிப்பாரு. முடியாதுன்னு சொன்னா செஞ்சிடுவாரு. ஆவணிலியே கணக்குப் போட்டுட்டேன். கொறட்டைய முப்பது வருஷமா கேக்கறேன், அது என்ன புதுசா?"

உத்திராபதி கண்ணை மூடிக்கொண்டார். ஆவணி முதல் ஐப்பசி வரை ஒவ்வொரு ஆணியும் அவர் நெஞ்சில் திரும்ப ஒரு முறை இறங்கியது. விறகு. இலவம்பஞ்சு. கால் நீட்ட இடமில்லாத கட்டில். ஒருவன் தன்னைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள ஒரு பகல் போதுமா? அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி ரோஷம் கிடையாது. இவள் எதை முடியாது என்றாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வது. முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே எடுத்திருக்க வேண்டிய முடிவு. அதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

"இங்க அடுப்புமேல சொட்டுதுக்கா" என்றாள் வசந்தா. "ஓடு ஒடஞ்சிருக்கும்போல. அவரையே மாத்தச் சொல்லலாமே."

"அவரா? வயசென்ன ஆவுது. ஏணில ரெண்டு படி ஏறுனா தல சுத்தும் அவருக்கு. கொத்தனாரத்தான் கூப்புடணும்."

உத்திராபதிக்கு யோசிக்க வேண்டும் என்று அடுத்து நினைவு வந்தபோது, ஏணியின் ஏழாவது படியில் நின்றுகொண்டிருந்தார். கீழே செல்வாம்பாள் ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி மறுகையால் அடுத்த ஓடு ஒன்றை நீட்டினாள்.