ஆட்டுச் சுவரொட்டி அனுப்பிய தம்பிக்கு

வாடிப்பட்டியில் கறிக்கடை வைத்துப் பெரிய மனுஷனாகிவிட்ட தம்பி சின்னச்சாமிக்கு, வண்டியூரிலிருந்து அக்கா ரெங்கம்மாள் எழுதிக்கொண்டது. நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. சுகமில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீராக நீ கொண்டுவந்த பட்டு, முதல் தண்ணியிலேயே சாயம் போனதை நான் மறக்கவில்லை. அதைப் பிறகு பேசுவோம். போன வருஷம் எனக்குத் தலைவலி, அசதி என்றதும், "அக்காவுக்கு ரத்தமே இல்ல"ன்னு நீயாக முடிவு கட்டி, ஞாயிறு தவறாமல் ஆட்டுச் சுவரொட்டியை, அதான் மண்ணீரலை, அனுப்பி, "சுட்டுத் தின்னுக்கா, ரத்தம் ஊறும்"ன்னியே, அது ஏற்கெனவே ஊறி வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சுடா! வெந்நீரில் குளித்து வந்தால் ஒரு தடிப்பு இல்லாமல் உடம்பெல்லாம் அரிப்பு. உன் பெண்டாட்டி முத்துத்தாய், "சோப்பை மாத்துங்க மதினி" என்றாள். முகம் செக்கச்செவேலென்று ஆனதும், "இந்த வயசுல என்னா மினுமினுப்பு!" என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். உள்ளங்கால் எரிச்சல். ரெண்டு வாய் சோற்றில் வயிறு முட்டியது. தன் குழம்பைக் குறை சொல்கிறேன் என்று அதற்கும் சண்டை.

கடைசியில் பேத்தி திவ்யா கூட்டிப்போன டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "பாட்டி, உங்க எலும்பு மஜ்ஜை அளவுக்கு மீறி ரத்தம் உண்டாக்குது. இது அபூர்வமான ரத்தப் புற்றுநோய். மண்ணீரலும் வீங்கியிருக்கு. ரத்தம் கட்டி மூளைக்குப் போயிட்டா ஆபத்து." இப்போது ஊசி குத்தி அதிகப்படி ரத்தத்தை வெளியே இறக்குகிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். சுவரொட்டி தின்னு வந்ததில்லை என்றார் அவர். அவருக்கு உன்னைத் தெரியாது.

போன வாரம் டி. கல்லுப்பட்டிக் கல்யாணத்தில் உன்னைப் பார்த்தேன். தக்காளி மாதிரி முகம். குளித்து வந்து நிலைக்கதவில் முதுகைத் தேய்க்கிறாய். பிரியாணியில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாய். நீயா, கறியை வைத்துவிட்டு! டாக்டரைப் பாருடா என்றால், "கறிக்கடைக்காரனுக்கே ரத்தத்தைப் பத்திப் பாடம் எடுக்கிறியாக்கா?"ன்னு பல்லைக் காட்டுற. எல்லா அரிப்பும் இந்த நோய் இல்லை, ஆனால் சோதிக்காமல் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சோதிக்கிற வரைக்கும் நீ எனக்குத் தம்பி இல்லை. உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன்.

முத்துத்தாய்க்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
ரெங்கம்மாள்

பி.கு.: தபாலை நம்ப முடியாது என்று நானே கொண்டுவந்திருக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது எதிரில்தான் நிற்கிறேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையைப் போடு. ஊசியைப் பார்த்தால் நீ அழுவாய். கையைப் பிடிச்சுக்கிற உனக்கு வேற யாருடா இருக்கா?