தினம் ஒரு பஞ்சர்

கமலவேணி ஓர் அட்டையைப் பலராமனின் சட்டைப் பையில் செருகினாள்.

"இன்னா இது?"

"பஸ்ல காட்டுனா பாதி டிக்கெட். எனக்கும் பூவிழிக்கும் தனித்தனியா வாங்கிட்டேன். சிவப்பு ரேஷன் கார்டு இருக்கிற ஏழைக் குடும்பத்துக்கு மட்டும்தான். ரெண்டு நாள் வரிசையில நின்னேன்."

"பரவாயில்லையே. நல்லதுதான்."

"இருங்க, முழுசா கேளுங்க. புது பஸ் ஸ்டாண்டுல பச்சையா சைக்கிள் வரிசை கட்டி நிக்குதில்ல? இந்த அட்டையைக் காட்டுனா பூட்டு தானா தொறந்துக்கும். முக்கால் மணி நேரம் சும்மா ஓட்டலாம். வேலை எடத்துக்கிட்ட ஒரு ஸ்டாண்டு இருக்கு, அங்க விட்டுடலாம். இனிமே நீங்க கால் தேய நடக்க வேணாம்."

பாதி டிக்கெட்டில் பலராமனுக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் சைக்கிளில்தான். ஐம்பத்து மூன்று வயது பலராமனுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

தெரியாமல் இருப்பதில் தப்பில்லை. ஆனால் இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால், பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை மில்லுக்கு எதுல போறீங்க?" என்று வருங்கால மாமனார் கேட்டார். "சைக்கிள்ல" என்றார் பலராமன். அதில் துளிப் பொய் இல்லை. சைக்கிளில்தான் போனார். ஓட்டியது மண்ணாங்கட்டி. மண்ணாங்கட்டி என்பது இங்கே வசவு இல்லை, கூட வேலை பார்த்த நண்பரின் பெயர். பலராமன் பின்னால் உட்கார்ந்து இரண்டு பேருடைய சாப்பாட்டுத் தூக்கையும் பிடித்துக்கொண்டு வருவார்.

மாமனார் மகிழ்ந்துபோய்க் கல்யாணத்துக்குப் புத்தம் புதுச் சைக்கிளே வாங்கித் தந்துவிட்டார். அது ஒரே மாதத்தில் 'திருடு' போயிற்று. திருடியது யார் என்று இனி சொல்ல வேண்டியதில்லை. பலராமனே மண்ணாங்கட்டியின் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். பிறகு மில் மூடிப்போனது, ரகசியமும் மூடியபடியே கிடந்தது.

"எனக்கு நடக்கிறதுதான் ஒடம்புக்கு நல்லது வேணி" என்று சொல்லிப் பார்த்தார்.

"நடங்க. ஆனா ஒரு நிபந்தனை இருக்கு. மாசத்துல பதினஞ்சு வாட்டியாவது சைக்கிள் எடுக்கணும். எடுக்கலன்னா 'இவங்களுக்குத் தேவைப்படல'ன்னு குடும்பத்துக்கே அட்டையை நிறுத்திடுவாங்க. அப்புறம் பூவிழி காலேஜுக்கு முழு டிக்கெட்டுதான்."

மகளை இழுத்துவிட்டால் பலராமன் என்ன செய்வார்? தலையை ஆட்டினார்.

மறுநாள் வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இறங்கினார். ஒரு சைக்கிளின் முன்னால் போய் அட்டையை நீட்டினார். 'கிளிக்' என்றது. வீட்டில் இருக்கிற பெட்டிப் பூட்டு கூட அவர் பேச்சை அவ்வளவு சீக்கிரம் கேட்டதில்லை. சைக்கிளை வெளியே எடுத்தார். இடம் பார்த்தார், வலம் பார்த்தார். பிறகு கொம்பைப் பிடித்து மாட்டை ஓட்டிப் போகிறவரைப் போல ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

நேரு வீதியெல்லாம் தாண்டி மிஷன் வீதி முனைக்கு வந்தபோது சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் சிலம்பரசன் நிறுத்தினார். நல்ல பிள்ளை. யாரைப் பார்த்தாலும் அண்ணே என்பார்.

"இன்னாண்ணே, வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போறீங்க?"

"பஞ்சர் தம்பி."

"அடப் பாவமே."

அடுத்த நாளும் பஞ்சர். அதற்கு அடுத்த நாளும் பஞ்சர். முன் சக்கரம், பின் சக்கரம் என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார் பலராமன். சிலம்பரசனின் முகத்தில் இரக்கம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது.

வீட்டில் கமலவேணி கேட்பாள். "சைக்கிள் எப்பிடிப் போவுது?"

"பறக்குது."

"எவ்ளோ நேரம் ஆவுது?"

"எட்டு நிமிஷம். எதிர்காத்து இருந்தா ஒம்பது."

உண்மையில் முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. வெறுங்கையோடு நடந்தால் முப்பதுதான். அந்தச் சைக்கிள் அவரை ஐந்து நிமிஷம் தாமதப்படுத்துவதற்காகவே அரசாங்கத்தால் வழங்கப்பட்டது போல் இருந்தது.

அதுவரை பாதகமில்லை. பலராமன் வேலை பார்த்தது கடற்கரைக்குப் பின் தெருவில் ஒரு விருந்தினர் விடுதியில், தோட்டக்காரராக. ஏழரைக்கு உள்ளே போனால் போதும். அந்த மாதத் தொடக்கத்தில்தான் விடுதிக்காரம்மா கூப்பிட்டார். அவரை எல்லோரும் மதாம் என்பார்கள்.

"பலராம், அடுத்த மாசத்திலேருந்து விருந்தாளிங்களுக்குக் காலைச் சாப்பாடு தோட்டத்துலதான். ஏழு மணிக்கு உட்காருவாங்க. நீ ஆறரைக்கெல்லாம் தண்ணி விட ஆரம்பிச்சு ஏழுக்குள்ள முடிச்சுடணும். குரோசான் ரொட்டி மேல தண்ணி தெளிக்கக் கூடாது, புரியுதா?"

"ஆறரைக்கா மதாம்?"

"முடியலன்னா சொல்லு. தானா தண்ணி விடற குழாய் வந்திருக்கு, அதைப் போட்டுக்கறேன்."

முதல் பஸ்ஸே வந்து சேர்வது ஆறு பத்துக்குத்தான். நடந்தால் ஆறு நாற்பது. சைக்கிளோடு நடந்தால் ஆறே முக்கால். மனுஷனாக இருந்தால் பேசிப் பார்க்கலாம், குழாயோடு என்ன போட்டி போடுவது? பதினொரு வருஷமாக அவர் கையால் வளர்த்த காகிதப்பூவும் செம்பருத்தியும் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குப் போய்விடும்.

அந்தத் துக்கத்தோடு தள்ளிக்கொண்டு வந்தவரை மறுநாள் சிலம்பரசன் மறித்தார்.

"அண்ணே, ஒங்களுக்கு நடக்கிற அநியாயத்தை என்னால தாங்க முடியல. சைக்கிள் ஆபீஸுக்குப் போன் போட்டுட்டேன்."

"எதுக்குத் தம்பி ஒனக்குச் சிரமம்?"

"மெக்கானிக் வந்து எல்லா வண்டியையும் பார்த்துட்டாராம். அதுல காத்தே கெடையாதாம்ணே."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"இல்லண்ணே. காத்தே அடிக்கத் தேவையில்லாத டயராம். முழுக்க ரப்பர். ஆணி மேல ஏத்துனாலும் பஞ்சர் ஆவாதாம்."

பலராமனின் முகத்திலிருந்துதான் காற்று இறங்கியது.

"அட்டையில இருக்கிற நம்பருக்கே கூப்பிட்டு விவரம் சொல்றோம்னாங்க" என்று சேர்த்துச் சொன்னார் சிலம்பரசன். பிறகு குரலைத் தாழ்த்தி, "முட்டி வலியாண்ணே?" என்று கேட்டார். பலராமன் நன்றியோடு ஆமாம் என்றார்.

அட்டையில் இருப்பது கமலவேணியின் நம்பர். ரேஷன் கார்டில் அவள்தானே குடும்பத் தலைவி. மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது பலராமனின் செருப்பு கூடச் சத்தம் போடவில்லை. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. போன் வந்ததா என்று கேட்கவும் வழியில்லை.

"ஏங்க."

"ம்."

"எனக்குச் சைக்கிள் கத்துக் குடுக்கறீங்களா?"

"ஒனக்கு எதுக்கு அது?"

"நானும் அங்கன்வாடி வேலைக்கு நடந்துதான் போறேன். தெரிஞ்சு வச்சிக்கிட்டா நல்லதில்ல? ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் முதல் பஸ்ல டவுனுக்குப் போவலாம். பழைய துறைமுகத்துப் பக்கம் காலி ரோடுதான்."

பலராமன் கணக்குப் போட்டார். போன் வரவில்லை, அது நிச்சயம். கற்றுக் கொடுப்பவன் ஏறவே வேண்டாம், சீட்டைப் பிடித்துக்கொண்டு கூட ஓடினால் போதும். ஏறுகிறவள் விழுவாள். விழுந்தால் பயந்து விட்டுவிடுவாள். எல்லாம் தனக்குச் சாதகம்.

"அதுக்கென்ன, ஒரே நாள்ல கத்துக் குடுத்துடறேன்" என்றார்.

முதல் ஞாயிறு கமலவேணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். ஏறிய வேகத்திலேயே விழுந்தாள். மணல் குவிந்திருந்த பக்கமாகப் பார்த்து விழுந்தாள். மறுபடியும் ஏறினாள், மறுபடியும் அதே மணல்.

"நீங்க ஏறி உட்காருங்க, பாத்துக்கறேன்."

"வாத்தியாரு ஏறக் கூடாது."

"ஓட்ட வேணாம். காலைத் தரையில ஊனிக்கிட்டு சும்மா உட்காருங்க. சீட்டைப் பிடிக்கிறது எப்பிடின்னு நானும் பழகணுமில்ல? நாளைக்குப் பூவிழிக்கு யாரு சொல்லித் தர்றது?"

பலராமன் ஏறி உட்கார்ந்தார். அவள் பின்னால் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒரு பெடலை மேல தூக்கி வச்சிக்கிட்டு மிதிச்சா கெளம்ப சுளுவா இருக்குமோ?"

"அதைத்தான் சொல்ல வந்தேன்."

"கீழ பாக்காம தூரத்துல பாத்தா ஆடாதோ?"

"அதைத்தான் சொல்ல வந்தேன்."

"எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே ஹேண்டிலைத் திருப்பணுமோ?"

"வேணி, வாத்தியாரு நானா நீயா?"

"நீங்கதாங்க. நான் சந்தேகம் கேக்கறேன்."

இவ்வளவு புத்தியான சந்தேகங்களை அவர் கேட்டதே இல்லை. அத்தனைக்கும் அவளே பதிலையும் வைத்திருந்தாள். இரண்டாவது ஞாயிறு பத்தடி. மூன்றாவது ஞாயிறு விளக்குக் கம்பம் வரை. இடையிடையே அவள் ஏறி ஒரு தடவை விழுந்து வைப்பாள், இவர் 'காட்டுவதற்காக' நாலு தடவை ஏறுவார். முடிந்ததும் கடலைப் பார்த்து உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியைச் சாப்பிடுவார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து காலை வேளையில் கடலைப் பார்த்ததில்லை. பஸ் செலவை நினைத்தே வராமல் இருந்தார்கள்.

நாலாவது ஞாயிறு பலராமன் மிதித்துக்கொண்டே, "கெட்டியாப் பிடிச்சிருக்கியா?" என்று கேட்டார். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் கமலவேணி ஐம்பது அடிக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவர் விழவில்லை. காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் உப்பியது. ஐம்பத்து மூன்று வயதில் கண்ணில் நீர் வந்தது, எதிர்காற்று என்று வைத்துக்கொண்டார். அன்று கடைசியாக ஏறிய கமலவேணி மட்டும் மணலைத் தவறவிட்டுத் தார் ரோட்டிலேயே விழுந்துவிட்டாள்.

ஒன்றாம் தேதி வந்தது. ஆறு பத்துக்குப் பஸ், ஆறு பன்னிரண்டுக்குக் 'கிளிக்'. மிஷன் வீதி முனையில் சிலம்பரசன் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். பலராமன் பதிலுக்குக் கையை எடுக்கவில்லை, அந்தப் பாடம் இன்னும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். ஆறு இருபத்தைந்துக்குக் குழாயைத் திறந்தார். ஏழு மணிக்கு விருந்தாளிகள் ஈரம் படாத நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மதாம் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "த்ரே பியேன், பலராம்" என்றார். பிரெஞ்சில் அதற்கு ரொம்ப நல்லது என்று அர்த்தம். தானாகத் தண்ணீர் விடும் குழாயைப் பற்றி அதன் பிறகு பேச்சே இல்லை.

நாள் முழுக்க அவருக்கு மனசு நிறைந்திருந்தது. இந்தச் சைக்கிளை இங்கே நிறுத்த வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ, முகம் தெரியாத அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னார். வரிசையில் இரண்டு நாள் நின்றவளை நினைத்தார். அவளிடமா இத்தனை வருஷம் மறைத்தோம் என்று வெட்கமாக இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, ரெண்டு முழம் மல்லி வாங்கிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.

கமலவேணி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பூவை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"வேணி, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா மனசுல கெடக்குது."

"சொல்லுங்க. அப்பிடியே இந்தத் தைலத்தை முட்டியில தேச்சுவிடுங்க."

பலராமன் தைலத்தைத் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். "எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. தெரியாமத்தான் இருந்துச்சு. ஒனக்குக் கத்துக் குடுக்கும்போதுதான் நானே கத்துக்கிட்டேன். நீ கேட்டிருக்கலன்னா இன்னிக்கு எனக்கு வேலை இருந்திருக்காது."

பெரிய பாரம் இறங்கியது. அவள் அதிர்ந்துபோவாள் என்று எதிர்பார்த்தார். கமலவேணி மல்லியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊரு கனகசெட்டிக்குளத்துலேருந்து காலாப்பட்டு ஸ்கூலுக்குப் பத்தாவது வரைக்கும் நான் சைக்கிள்லதான் போனேன். பின்னாடி தங்கச்சி வேற."

பலராமனின் கை அப்படியே நின்றது. "நீ சொல்லவேயில்லையே?"

"நீங்க கேக்கவேயில்லையே." அவள் காலை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். "ஓட்டுறது சுளுவுதாங்க. தெரியாத மாதிரி விழுறதுதான் கஷ்டம். நிறுத்தாதீங்க, அழுத்தித் தேய்ங்க."