தலையைத் தூக்காதீங்க, மாப்பிள்ள!

ஆரணி,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஜெயவேல் அவர்களுக்கு,

நான் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். அங்கே நீங்களும் என் தங்கை ரேணுகாவும் நலமாயிருக்க வேண்டும். இனிமேலும் நலமாயிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் கிரகப்பிரவேசத்தில் எனக்கு மூன்றாம் பந்தியில் இலை போட்டீர்கள், பொறுத்தேன். கொட்டகையில் விசைத்தறியை ஓரம் தள்ளிவிட்டு இரண்டு பேர் உட்காரும் விமானம் கட்ட ஆரம்பித்தீர்கள், பொறுத்தேன். அதன் இறக்கையை மினி லாரியில் ஏற்றி, ஊரே செல்போனில் படம் எடுக்க, கடைத்தெரு வழியாகக் கொண்டுவந்த அன்று மட்டும் போனில் நாலு வார்த்தை கத்தினேன். அதற்கு இப்படியா?

ஞாயிற்றுக்கிழமை, "மச்சான், கருவியெல்லாம் மாட்டியாச்சு, வந்து பாருங்க" என்றீர்கள். வந்தேன். இருபத்திரண்டு வருஷமாகப் பௌதிகம் நடத்துகிறவன், குறை சொல்வதற்கென்றே வந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரமும் வேகமும் திசையும் காட்டுகிற இரண்டு திரைகள். கையை எடுத்துவிட்டாலும் விமானத்தை நேராக ஓட்டுகிற தானியங்கிப் பெட்டி. உங்களுக்கு மயக்கம் வந்தால் ரேணுகா அமுக்கி விமானத்தைச் சமநிலைக்குக் கொண்டுவர ஒரு நீலப் பொத்தான். குறை ஒன்றும் கிடைக்காமல் பேஜாராகி நின்றேன். அப்போதுதான், எச்சரிக்கைக் குரலைக் கேளுங்கள் என்று எதையோ அமுக்கினீர்கள். பெட்டிக்குள்ளிருந்து நான் பேசுகிறேன்! "கீழ போயிகினு இருக்கு மாப்பிள்ள, கீழ போயிகினு இருக்கு!" நான் போனில் சொன்னது, குடும்ப மானம் கீழ போயிகினு இருக்கு என்று. அந்தப் பேச்சைப் பதிவு செய்து, மானத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, மீதியை உயரம் குறைந்தால் கத்த வைத்திருக்கிறீர்கள். விமானத்தின் மூக்கு அளவுக்கு மேல் நிமிர்ந்து, விழப்போகிற நேரத்துக்கு, "ரொம்பத் தலையைத் தூக்காதீங்க, விழுந்துடுவீங்க!" அதுவும் நான்தான், அதே போன்தான். கேட்டால், "பொட்டியோட வந்த இங்கிலீஷ் பொம்பள குரல் தாலாட்டு மாதிரி இருக்குது மச்சான். உங்க குரலக் கேட்டாத்தான் கை தானா பதறுது" என்கிறீர்கள். ரேணுகாவோ பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகினு, "நேர்ல சொன்னா இவரு எங்கண்ணா கேக்கறாரு? பொட்டிக்குள்ள இருந்து நீ சொன்னா ஜல்தியா கேக்கறாரு பாரு" என்று சிரிக்கிறாள். சோதனையெல்லாம் முடிந்ததும் உங்களோடு ஏறப்போவதும் அவள்தானாம். எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சிங்க. நான் கோவத்துல கத்துனத நம்பி அவ உசுரு மேல போவணுமா? இது என்னங்க நியாயம்?

ஆகையால் இக்கடிதம் கண்ட மறுநிமிடம் என் குரலைக் கழற்றிவிட வேண்டும். ரேணுகாவை இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் இனி உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன்.

ரேணுகாவுக்கு என் ஆசி. உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பி.கு.: "தலையைத் தூக்காதீங்க" என்கிற இடத்தில் என் குரல் இறங்கிவிடுகிறது. எஞ்சின் சத்தத்தில் காதில் விழாது. ரேணுகா உள்ளே இருக்கும்போது விழுந்தே ஆக வேண்டும். ஆகவே நேற்று பள்ளிக்கூட ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு பதினோரு தடவை கத்தி, சரியாக வந்ததைப் பென் டிரைவில் ஏற்றி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். எதையும் வெட்ட வேண்டியதில்லை. கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் நான் சம்மதித்துவிட்டதாக நாளைக்கு ஊரெல்லாம் சொல்வீர்கள். அதனால் பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.