முன்னேற்றம் மைனஸ் நாற்பது மீட்டர்

நீங்கள் கடைசியாக எப்போது முன்னேறினீர்கள்? தேதி, நேரம், எத்தனை மீட்டர் என்று சொல்ல முடியுமா?

முடியாது. உங்களிடம் எங்கள் ஆப் இல்லை. வயல் வேலைக்கு ஆள் எடுக்கும் கலையின் வரலாறு இரண்டே காலங்களாகப் பிரிகிறது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், உரக்கடை மாடியில், 'நாற்றங்கால் டேலன்ட் சொல்யூஷன்ஸ்' திறப்பதற்கு முன், திறந்த பின்.

அங்கே நான் 'பணியாளர் கலாச்சார அதிகாரி'. சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். மாம்பழம் தெரியும், நெல் தெரியாது. என்னை வேலைக்கு எடுத்தபோது நெல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "இன்ஸ்டால எத்தனை ஃபாலோயர்ஸ்?" என்று மட்டும் கேட்டார்கள். கேட்டவர் நிறுவனர் தமிழரசன். பிறந்தது நன்னிலம், வளர்ந்தது ஹாஸ்டல், உயர்ந்தது பெங்களூர். வயலை ரயில் ஜன்னல் வழியாக நன்றாகப் பார்த்தவர்.

எங்கள் முதல் விண்ணப்பதாரர் பூவம்மாள். பன்னிரண்டு பெண்கள் கொண்ட நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. நடவு மெஷின் வந்த பிறகு கை நடவுக்கு மிஞ்சியது சில வயல்கள்தான். அதில் பெரியது துரைராசுவின் ஒரு வேலி நிலம், கிட்டத்தட்ட ஏழு ஏக்கர். அது கிடைத்தால் அவர்களுக்கு இந்தச் சம்பாவுக்கு வேலை உண்டு. இல்லையென்றால் தை வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். துரைராசு வருடா வருடம் பூவம்மாளைத்தான் கூப்பிடுவார். இந்த வருடம் சிங்கப்பூரிலிருந்து மகன் சொல்லிவிட்டான்: "ரேட்டிங் பார்த்து ஆள் எடுங்கப்பா."

ரேட்டிங் கொடுப்பது எங்கள் ஆப். எனவே பூவம்மாள் நேர்காணலுக்கு வந்தார். கூடவே அவர் கூட்டத்தில் நடவு நடும் ராமாயியும் வந்தார், நாற்காலி எப்படி இருக்கிறது என்று பார்க்க.

"அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பார்க்குறீங்க?" என்றார் தமிழரசன்.

"இதே சேத்துலதான் தம்பி. நீ எங்க இருப்பே?"

தமிழரசன் 'தெளிவான இலக்கு' என்று குறித்துக்கொண்டார்.

"உங்களோட பலவீனம்?"

"இடுப்பு."

"டீம்ல எதாவது பிரச்சனை வந்து சமாளிச்சிருக்கீங்களா?"

"இந்த ராமாயி பாட ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. அதைத்தான் இருவது வருஷமா சமாளிக்கிறேன்."

"ஆமா, இவ பாடுனா மட்டும் மடையில தண்ணி தானா வந்துடுது பாரு," என்றார் ராமாயி.

அடுத்தது 'திறன் காணொளி'. ஒரு சிறு துண்டு வயலில் அவர்கள் நட, நான் வரப்பில் நின்று படம் பிடித்தேன். எங்கள் செயற்கை நுண்ணறிவு அதை நாலு நொடி பார்த்துத் தீர்ப்புச் சொன்னது: 'முன்னேற்றம்: மைனஸ் நாற்பது மீட்டர். குழு முழுவதும் பணியிலிருந்து விலகிச் செல்கிறது. இரண்டு ஸ்டார்.' மூன்று ஸ்டாருக்குக் குறைந்தவர்களை எங்கள் ஆப் யாருக்கும் காட்டாது.

அவசரக் கூட்டம் கூடியது. தமிழரசன், நான், பெங்களூரிலிருந்து திரையில் இரண்டு பேர்.

"கேமரா தப்பா?" என்றது திரை.

"இல்ல சார். அவங்க நிஜமாவே பின்னாடிதான் போறாங்க," என்றேன்.

"எல்லாருமா?"

"எல்லாரும் சார். ஒழுங்கா, வரிசையா."

"மோட்டிவேஷன் கிளாஸ் எடுத்துப் பார்க்கலாமா?"

நாற்பது நிமிடம் பேசினோம். பூவம்மாளிடம் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றாத அளவுக்கு ஆழமான விவாதம். கடைசியில் ஒரு மேலான யோசனையை நான்தான் சொன்னேன். வீடியோவைப் பின்னாலிருந்து ஓட்டினால் அவர்கள் முன்னால் போவார்கள்.

போனார்கள். பிளஸ் நாற்பது மீட்டர், ஐந்து ஸ்டார். மெதுவாக ஓடவிட்டு, இசை சேர்த்து, 'முன்னேறும் மகளிர்' என்று ரீல் போட்டேன். ஒரே நாளில் எண்பதாயிரம் பேர் பார்த்தார்கள். நான் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய கையைப் பார்க்கவில்லை.

துரைராசு பார்த்தார். மறுநாள் மத்தியானம் போன் வந்தது.

"யோவ், என்னய்யா ஆளுங்க இவங்க? நட்ட பயிரைப் பிடுங்கிக்கிட்டே போறாங்க!"

"சார், அது ஒரு முன்னேற்ற..."

"குத்து குத்தாப் பிடுங்கிக் கையில சேர்க்குறாங்கய்யா! எங்க வாட்சப் குரூப்புல அவனவன் கைகொட்டிச் சிரிக்கிறான். பூவம்மாவுக்கு என்ன வந்துச்சு, புத்தி கெட்டுப்போச்சா? நாத்து பறிச்சு வரப்புல கிடக்கு, நாளைக்கு நட்டாவணும். நான் வேற ஊர்ல ஆள் பார்த்துக்கறேன். வை போனை."

இதை நாங்கள் 'வாடிக்கையாளர் பின்னூட்டம்' என்று பதிவு செய்தோம்.

நாலு மணிக்கு மாடிப்படியில் பன்னிரண்டு பேரின் சத்தம் கேட்டது. பூவம்மாள் முன்னால் வந்தார்.

"துரைராசு அண்ணன் எங்களை வேணாம்னுட்டாராம். என்ன பண்ணுனீங்க?"

ரீலைக் காட்டினேன். ராமாயி சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அடியே, இப்படியே பிடுங்கினா மொத்த நன்னிலத்தையும் மொட்டையாக்கிடுவோம்டி!"

பூவம்மாள் சிரிக்கவில்லை. "ஏன் தம்பி திருப்பிப் போட்டீங்க?"

"அக்கா, நீங்க பின்னாடி பின்னாடி போறீங்க," என்றார் தமிழரசன். "கம்பெனி உங்களை முன்னால கொண்டுபோகணும்னு பார்க்குது."

"முன்னால போனா நட்டதை மிதிச்சுக்கிட்டுத்தான் போவணும். நீங்கள்லாம் அப்படித்தான் போவீங்களா?"

தமிழரசன் படிவத்தைப் புரட்டினார். இந்தக் கேள்வி அதில் இல்லை.

பூவம்மாள் என் போனைத் தன் முகத்தருகே வைத்து இன்னொரு தடவை பார்த்தார். பிறகு தன் இடுப்பிலிருந்த பட்டன் போனை எடுத்தார்.

"அண்ணே, பூவம்மா பேசுறேன். அந்தப் படத்தை இன்னொரு வாட்டி போட்டுப் பாருங்க. எங்களைப் பார்க்காதீங்க. மேல கொக்கு போவுது பாருங்க."

போனில் நான் சேர்த்த இசை ஓடியது. பிறகு அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பு மாடி முழுக்கக் கேட்டது.

"அட ஆமா பூவம்மா! வாலை முன்னால விட்டுக்கிட்டுப் பறக்குது!"

"படத்தைத் திருப்பி ஓட்டிருக்காங்கண்ணே. நாத்து எத்தனை கட்டு கிடக்கு?"

"எல்லாம் அப்படியேதான் கிடக்கு. இன்னும் ஆள் அமையல. காலையில ஆறு மணிக்கு வந்துடு."

"வந்துடுறோம்."

ஆள் எடுத்து முடிந்தது. எண்பதாயிரம் பேரும் ஒரு செயற்கை நுண்ணறிவும் ஒரு கலாச்சார அதிகாரியும் பார்க்காத கொக்கை ஒருவர் பார்த்துவிட்டார். இந்த ஆள்சேர்ப்பு முறையை எங்கள் நிறுவனம் இன்னும் ஆராய்ந்து வருகிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு பேரும் துரைராசுவின் வயலில் இறங்கி, பின்னால் நடந்தபடி நட ஆரம்பித்தார்கள். ஏழரைக்கு நானும் தமிழரசனும் காரில் போனோம். 'எங்கள் அணி, எங்கள் உழைப்பு' என்று போட ஒரு செல்ஃபி எடுத்தோம். எங்கள் இரண்டு முகமும் பின்னால் குனிந்த பன்னிரண்டு முதுகும் விழுந்தன. வெளிச்சம் போதவில்லை என்று வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கி இரண்டடி முன்னால் போனோம். நட்ட நாற்றில் ஒன்பது குத்து மிதிபட்டது.